ஒரு புள்ளியில் பறிபோக இருந்த ஒலிம்பிக் வாய்ப்பு: தீர்ப்பை எதிர்த்து முறையிட்டு வென்ற மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவின் வாழ்க்கை

சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் பதக்கத்தை வென்று தந்த மல்யுத்த வீரர் கஷாபா தாதாசாஹேப் ஜாதவ், அந்த ஒலிம்பிக் போட்டிக்குச் செல்லாமலேயே போயிருக்கக்கூடும். 1952-ஆம் ஆண்டு மதராஸில் நடைபெற்ற தேசியப் போட்டியில் அவருக்கு எதிராளியைவிட ஒரு புள்ளி குறைவாக வழங்கப்பட்டது. அந்த ஒரு புள்ளி அவரை ஒலிம்பிக் அணியிலிருந்து விலக்கியது. அந்தத் தீர்ப்பை அவர் ஏற்கவில்லை. முறையிட்டார், மறுவாய்ப்புப் பெற்றார், வென்றார். சில மாதங்களில் ஹெல்சிங்கியிலிருந்து வெண்கலப் பதக்கத்துடன் ஊர் திரும்பினார்.

விளையாட்டில் நடுவரின் தீர்ப்பு சர்ச்சைக்குள்ளாகும்போது ரசிகர்கள் கொதித்தெழுவதும், சமூக ஊடகங்களில் நடுவரைக் கடுமையாகச் சாடுவதும் இன்று வாடிக்கையாகிவிட்டது. அத்தகைய வசதிகள் எதுவும் இல்லாத காலத்தில், ஒரே ஆண்டில் இருமுறை சர்ச்சைக்குரிய முடிவுகளைச் சந்தித்தவர் ஜாதவ். ஒருமுறை அவருக்கு நீதி கிடைத்தது. மறுமுறை அவருக்காகப் பேச ஆள் இல்லை.

கோதாவில் தொடங்கிய வாழ்க்கை

மகாராஷ்டிர மாநிலம் சாத்தாரா மாவட்டத்தில், கராட் நகரை ஒட்டியுள்ள கோலேஷ்வர் கிராமத்தில் 1926-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி ஜாதவ் பிறந்தார். தந்தை தாதாசாஹேப் ஜாதவ் அப்பகுதியில் பெயர் பெற்ற பயில்வான். அவருடைய ஐந்து மகன்களில் கடைசி மகனான கஷாபா, ஐந்து வயதிலேயே தந்தையிடம் குஸ்தி பழகத் தொடங்கினார். கராட் திலக் உயர்நிலைப் பள்ளியில் படித்த அவர், 1942-ஆம் ஆண்டு வெள்ளையனே வெளியேறு இயக்கம் நடந்தபோது, தலைமறைவாக இருந்த போராளிகளுக்கு உதவியதாகவும் அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

பள்ளிப் படிப்புக்குப் பின் கோல்ஹாப்பூர் ராஜாராம் கல்லூரியில் அவர் சேர்ந்தார். மல்யுத்தத்தை மன்னர் குடும்பமே பேணி வளர்த்த ஊர் அது. சாஹு மகாராஜா காலத்தில் அமைக்கப்பட்ட காஸ்பாக் மைதானம் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது.

அங்கு நடைபெறும் குஸ்தியின் இயல்பை அறிந்தால்தான் ஜாதவ் பின்னாளில் எதிர்கொண்ட சிக்கல் புரியும். செம்மண் கோதாவில் புள்ளிக் கணக்கு முதன்மையானது அன்று. எதிராளியின் முதுகு மண்ணில் படும்படி மல்லாக்க வீழ்த்தியவரே வெற்றியாளர். சுற்றி அமர்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான பார்வையாளர்களே அதற்குச் சாட்சி. எனவே அங்கு நடுவர் தவறிழைக்க இடம் குறைவு. தவறிழைத்தாலும் கூட்டம் விடாது.

சர்வதேசப் போட்டிகளோ வேறு வகையானவை. அவை மெத்தை விரிப்பின்மீது நடப்பவை. ஒருவர் மற்றவரை முழுமையாக வீழ்த்தாத நிலையில், பிடிகளை எடைபோட்டு நடுவர்கள் அளிக்கும் முடிவே இறுதியானது. கண்முன்னே நடந்தது என்ன என்பதைவிட, நடுவர் கண்டது என்ன என்பதே அங்கு வெற்றியைத் தீர்மானிக்கும்.

லண்டனில் ஆறாம் இடம்

1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் ஜாதவ் இந்த மாற்றத்தை நேரடியாக எதிர்கொண்டார். கோல்ஹாப்பூர் மகாராஜாவின் பண உதவியுடன் அவர் லண்டன் சென்றார். மெத்தை விரிப்பும் சர்வதேச விதிகளும் அவருக்குப் புதியவை. அமெரிக்காவைச் சேர்ந்த ரீஸ் கார்ட்னர் அங்கு அவருக்குப் பயிற்சி அளித்தார். குறைந்த எடைப் பிரிவான ஃபிளைவெயிட்டில் போட்டியிட்ட ஜாதவ், ஆஸ்திரேலிய வீரரையும் அமெரிக்க வீரரையும் வென்று, ஈரான் வீரரிடம் தோற்று, ஆறாம் இடம் பிடித்தார்.

புதிய களத்தில் கிடைத்த ஆறாம் இடம் சாதனையே என்றபோதிலும் அவர் மனநிறைவு அடையவில்லை. ஊர் திரும்பியதும் பயிற்சியைப் பல மடங்கு கூட்டினார். அடுத்த ஒலிம்பிக்குக்கு நான்கு ஆண்டுகள் இருந்தன.

மதராஸில் நேர்ந்த சர்ச்சை

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கான வீரர்கள் தேர்வில் மதராஸ் தேசியப் போட்டி முக்கியப் பங்கு வகித்தது. அப்போட்டியில் வெற்றி பெற்றவரைவிட ஜாதவ் ஒரு புள்ளி மட்டுமே குறைவாகப் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தப் புள்ளி வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என்பது ஜாதவின் குற்றச்சாட்டு. வேண்டியவர்களுக்கு வாய்ப்பளிக்கவே அதிகாரிகள் அவ்வாறு செய்தனர் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இன்றைய மல்யுத்தப் போட்டிகளில் இத்தகைய ஐயம் எழுந்தால், பயிற்சியாளர் ஒரு சிறு மென்மையான பொருளை மெத்தைமீது எறிந்து மறுஆய்வு கோரலாம். காணொளிப் பதிவைப் பார்த்து நடுவர்கள் முடிவை மாற்றலாம். கோரிக்கை தோற்றால் எதிராளிக்கு ஒரு புள்ளி கிடைக்கும். 1952-இல் அப்படியொரு ஏற்பாடு இல்லை. காணொளி இல்லாத நிலையில், வீரரின் சொல்லுக்கு எதிராக அதிகாரிகளின் சொல் மட்டுமே நின்றது.

ஜாதவ் களத்தில் ரகளை செய்யவில்லை. போட்டியைப் புறக்கணிக்கவும் இல்லை. பாட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங்கிடம் பணிவுடன் முறையிட்டார். அவரை அணுகியதற்குக் காரணம் உண்டு. அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவரே. அவரும் ஒரு விளையாட்டு வீரர். தம் வாழ்நாளில் ஆடிய ஒரே டெஸ்ட் கிரிக்கெட் போட்டியை 1934-ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கு எதிராக இதே மதராஸில்தான் ஆடியிருந்தார்.

மகாராஜா, முடிவைத் திருத்தி ஜாதவை வெற்றியாளராக அறிவிக்கவில்லை. தகுதிப் போட்டியில் பங்கேற்க அவருக்கு வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுத்தார். அவ்வாறு கிடைத்த வாய்ப்பில் ஜாதவ் எதிராளியைக் களத்தில் வீழ்த்தினார். புள்ளிகளை எண்ணவோ குறைக்கவோ அதில் இடம் இருக்கவில்லை. கோதாவின் பழைய நியதியே அன்று அவருக்குக் கைகொடுத்தது.

வீட்டை அடகு வைத்த கல்லூரி முதல்வர்

தேர்வான பின்னும் தடைகள் நீங்கவில்லை. ஹெல்சிங்கி செல்லப் பணம் இல்லை. அரசிடமிருந்து கிடைத்த உதவி போதுமானதாக இல்லை. கோலேஷ்வர் கிராம மக்களும் சுற்றுவட்டார வணிகர்களும் தங்களால் இயன்றதைத் திரட்டினர். ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கர்தேகர், தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். அன்றைய நிலையில் அது பெரும் தொகை.

நடுவர் தீர்ப்பால் பாதிக்கப்பட்ட வீரருக்காக ரசிகர்கள் ஆத்திரப்படுவதைக் கண்டிருக்கிறோம். ஜாதவின் ஊரார் ஆத்திரத்தோடு நின்றுவிடாமல், அவர் மீண்டும் களம் காண வழிச் செலவையும் சுமந்தனர்.

ஹெல்சிங்கியில் மறுக்கப்பட்ட ஓய்வு

ஹெல்சிங்கியில் ஜாதவ் 57 கிலோ எடைப் பிரிவான பேண்டம்வெயிட்டில் போட்டியிட்டார். கனடா, மெக்சிகோ, ஜெர்மனி நாட்டு வீரர்களை அடுத்தடுத்து வென்று முன்னேறினார். பின்னர் ஜப்பானின் ஷோஹாச்சி இஷியை எதிர்கொண்டார். போருக்குப் பின் ஜப்பானில் ஜூடோவுக்குத் தடை விதிக்கப்பட்டதால் மல்யுத்தத்துக்கு மாறியவர் இஷி. நீண்ட நேரம் நீடித்த அந்தப் போட்டியில் ஜாதவ் தோல்வியடைந்தார். அந்த ஒலிம்பிக்கில் ஜப்பான் வென்ற ஒரே தங்கப் பதக்கம் இஷியுடையது.

அதன் பிறகே சர்ச்சை எழுந்தது. களைத்திருந்த ஜாதவ், சோவியத் ஒன்றியத்தின் ரஷீத் மமத்பேயோவுடன் உடனடியாக மோத அழைக்கப்பட்டார். இரு போட்டிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிட ஓய்வு அளிக்கப்பட வேண்டும் என்பது விதி. அந்த விதியைச் சுட்டிக்காட்டி வாதாட இந்திய அதிகாரி எவரும் அப்போது அங்கு இல்லை. வேறு வழியின்றி ஜாதவ் களமிறங்கினார், தோற்றார். வெள்ளிப் பதக்கத்துக்கான வாய்ப்பு அத்துடன் முடிந்தது.

மதராஸில் அவருக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. முறையீட்டைக் கேட்க ஒருவரும் இருந்தார். ஹெல்சிங்கியில் விதியே அவர் பக்கம் இருந்தும் அதை எடுத்துரைக்க ஆள் இல்லை. தீர்ப்பு தவறுவது எங்கும் நிகழக்கூடியதே. தவறிய தீர்ப்பைக் கேள்வி கேட்க வழி உண்டா, இல்லையா என்பதில்தான் வீரரின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது என்பதை இவ்விரு நிகழ்வுகளும் ஒருசேர உணர்த்துகின்றன.

1952-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி ஜாதவ் வெண்கலப் பதக்கம் பெற்றார். மறுநாளே இந்திய ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் நெதர்லாந்தை 6-1 என்ற கணக்கில் வென்று தங்கம் வென்றது. நாட்டின் கவனம் இயல்பாகவே ஹாக்கி அணியின் பக்கம் திரும்பியது.

ஏழு மணி நேர ஊர்வலம்

தலைநகரம் பெரிதாகக் கொண்டாடாத வெற்றியைக் கராட் கொண்டாடியது. நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் அணிவகுக்க, மேளதாளங்களுடன் ஜாதவ் ஊருக்கு அழைத்துச் செல்லப்பட்டார். வழக்கமாக 15 நிமிடங்களில் கடக்கும் தொலைவைக் கடக்க அன்று ஏழு மணி நேரம் ஆனதாகக் கூறப்படுகிறது. பதக்கத்தின் நிறம் குறித்து அந்தக் கூட்டத்துக்குக் கவலை இருக்கவில்லை.

பாராட்டு விழாக்கள் முடிந்ததும் ஜாதவ் செய்த முதல் வேலை கடனை அடைத்ததே. குஸ்திப் போட்டிகள் நடத்தி, அதில் கிடைத்த பணத்தைக் கொண்டு கர்தேகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

1955-ஆம் ஆண்டு காவல் துறையில் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். முழங்கால் காயம் காரணமாக 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவரால் பங்கேற்க இயலவில்லை. சுமார் 27 ஆண்டுகள் பணியாற்றி, உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்துக்காகவும் அவர் போராட நேர்ந்தது. 1982-ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஜோதி ஓட்டத்தில் பங்கேற்றது அவருக்குக் கிடைத்த சில கௌரவங்களுள் ஒன்று. 1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி சாலை விபத்தில் அவர் உயிரிழந்தார்.

வாழ்நாளில் அவருக்குப் பத்ம விருது எதுவும் வழங்கப்படவில்லை. அர்ஜுனா விருதும் மறைவுக்குப் பல ஆண்டுகள் கழித்தே வழங்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளையொட்டி, டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது.

இன்றும் தொடரும் கேள்வி

ஜாதவுக்குப் பின் இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் தனிநபர் பதக்கம் கிடைக்க 44 ஆண்டுகள் ஆயின. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டாவில் டென்னிஸ் வீரர் லியாண்டர் பயஸ் வெண்கலம் வென்றார். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கத்தை 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் சுஷில் குமார் வென்றார்.

தீர்ப்புகள் குறித்த சர்ச்சைகளும் ஓயவில்லை. 2014-ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில், அரையிறுதி முடிவை ஏற்க மறுத்த குத்துச்சண்டை வீராங்கனை சரிதா தேவி, தமக்குக் கிடைத்த வெண்கலப் பதக்கத்தை மேடையிலேயே தென்கொரிய எதிராளியிடம் கொடுத்தார். நாட்டு மக்களின் அனுதாபம் அவருக்குக் கிடைத்தது; சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கமோ ஓராண்டுத் தடை விதித்தது. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், இறுதிப் போட்டி நாளில் 100 கிராம் எடை கூடியதால் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகட் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அது நடுவரின் பிழை அன்று, விதியின் கடுமை. விளையாட்டு நடுவர் மன்றத்தில் அவரது முறையீடு தள்ளுபடியானது. எனினும் அவர் டெல்லி திரும்பியபோது பெரும் கூட்டம் திரண்டு வரவேற்றது.

வினேஷுக்கு முறையீடு தோற்றது. ஆனால் வழக்கறிஞர்கள் வாதிட்டனர், மன்றம் கேட்டது, காரணங்கள் எழுத்தில் பதிவாயின. ஹெல்சிங்கியில் ஜாதவுக்கு அந்த அளவுக்குக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை. நடுவரை வசைபாடுவதைவிட, வீரரின் குறையைக் கேட்க ஓர் இடம் வேண்டும் என்று கோருவதே ரசிகர்கள் அவருக்குச் செய்யும் பேருதவி. அந்த இடம் ஒருமுறை திறந்திருந்ததால்தான், மதராஸில் ஒரு புள்ளியில் ஒதுக்கப்பட்டவரின் பெயர் இன்று இந்திய ஒலிம்பிக் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் நிற்கிறது.