ராமசாமி ராஜா தொடங்கிய மில்: குடும்ப கம்பெனியில் கணக்கு கேட்பது யார்?

ராம்கோ சிமெண்ட் மூட்டையைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அந்தக் குழுமத்தைத் தொடங்கிய பி.ஏ.சி. ராமசாமி ராஜாவின் வாழ்க்கையில், இன்று ஷேர் வாங்கும் எல்லோருக்குமான கேள்வி ஒன்று இருக்கிறது.

1894-ல் பிறந்த அவர், 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையைத் தொடங்கினார். பக்கத்து ஊரான சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே வளர்ந்தன. முதலும் வீட்டுடையது, லாப நஷ்டமும் வீட்டோடு. மில் அப்படி இல்லை. அது பப்ளிக் லிமிடெட் கம்பெனி. நடத்துவது குடும்பம், ஆனா பங்கு வெளியாரிடமும் இருக்கும். அப்போ கணக்கு கேட்பது யார்?

அன்று என்ன நிலைமை?

அக்காலத்தில் இந்தியாவின் பல மில்களை போர்டு நடத்தவில்லை. ஒப்பந்தம் போட்ட மேனேஜிங் ஏஜென்ட்கள்தான் நடத்தினார்கள். கமிஷனும் அவர்களுக்கு, போர்டிலும் அவர்கள் ஆட்கள். மில் தொடங்கிய அதே 1936-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஏஜென்ட்டின் காலம் 20 ஆண்டு. போர்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் ஆள் போட முடியாது. 1970-ல் அந்த முறையே ஒழிந்தது.

அடுத்த தலைமுறை

1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் உருவானது. விருதுநகர் அருகே துலுக்கப்பட்டியில் ஆலை. 1962-ல் ராமசாமி ராஜா காலமானார். பொறுப்பு இருபதுகளில் இருந்த மகன் ராமசுப்பிரமணிய ராஜாவிடம் போனது. 2017-ல் அவர் மறைந்த பிறகு பேரன் வெங்கட்ராம ராஜா வந்தார். குடும்பக் குழுமங்களில் வாரிசு வருவது சகஜம். அவரைக் கேள்வி கேட்க வெளியாள் இருக்கணும் என்பதுதான் விஷயம்.

இன்று என்ன விதி?

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் போர்டில் மூன்றில் ஒரு பங்காவது சுயேச்சை இயக்குநர்கள் வேண்டும். சேர்மன் புரமோட்டர் குடும்பத்தவர் என்றால் பாதிப் பேர். ஒருவருக்கு தொடர்ந்து அதிகபட்சம் 10 ஆண்டு. குடும்பத்தின் வேறு கம்பெனியோடு பெரிய கொடுக்கல் வாங்கல் என்றால், அந்த ஓட்டெடுப்பில் புரமோட்டர் ஆதரித்து ஓட்டுப் போட முடியாது.

ஓட்டை எங்கே? சுயேச்சை இயக்குநரை நியமிக்கும் தீர்மானத்தில் புரமோட்டரும் ஓட்டுப் போடலாம். 2022 முதல் அதற்கு 75% ஆதரவு தேவை. ஆனாலும் பெரிய பங்கு கையில் இருப்பவர் சொல்லுக்குத்தான் கனம் அதிகம்.

அதனால் ஷேர் வாங்கும்முன் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்க. சுயேச்சை இயக்குநர்கள் யார், எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள், குடும்ப கம்பெனிகளுக்குப் பணம் எவ்வளவு போகிறது? மூன்றும் அதிலேயே இருக்கும்.