இரண்டு ஆட்டங்களின் வீரர்

குழந்தைகளே! உங்களுக்கு இரண்டு விளையாட்டுகள் நன்றாக வரும். இரண்டிலும் வெளிநாடு செல்ல வாய்ப்பு வருகிறது. ஆனால், ஒன்றுக்குத்தான் போக முடியும். எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்? 1936-ஆம் ஆண்டில் சென்னை வீரர் ஒருவருக்கு இப்படியொரு சோதனை வந்தது. அவர்தான் எம்.ஜே.கோபாலன்.

செங்கல்பட்டுப் பகுதியில் உள்ள மொறப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர் கோபாலன். சிறு வயதிலேயே அவருடைய குடும்பம் திருவல்லிக்கேணியில் குடியேறியது. சேப்பாக்கம் மைதானம் பக்கத்திலேயே இருந்தது. கோபாலன் வேகமாகப் பந்து வீசுவதைக் கண்டு வியந்தார் சி.பி.ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். அவரும் சென்னையின் சிறந்த கிரிக்கெட் வீரர். பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலை கிடைக்க அவர் உதவினார். பிழைப்பைப் பற்றிய கவலையின்றி விளையாட வழி பிறந்தது.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் கோபாலன் ஆடினார். சி.கே.நாயுடு இந்திய அணியின் கேப்டன். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் நம் கோபாலன்தான்! மைசூர் அணி 48, 59 ரன்களுக்குச் சுருண்டது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது.

ஹாக்கியிலும் அவர் கெட்டிக்காரர். 1935-ல் தயான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய அணியில் கோபாலனும் இருந்தார். அந்தப் பயணத்தில் இந்தியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

அடுத்த ஆண்டுதான் அந்தச் சோதனை. ஒருபுறம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. மறுபுறம் இங்கிலாந்தில் கிரிக்கெட். இரண்டும் ஒரே காலத்தில்! கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

இங்கிலாந்தில் நடந்த மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் 15-ஆம் தேதி லண்டனில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தித் தங்கப் பதக்கம் வென்றது. கோபாலன் அங்கும் இல்லை, இங்கும் ஆடவில்லை.

அதன் பிறகு டெஸ்டில் ஆடும் வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. வேறு யாராவது இருந்தால் மனமுடைந்து விளையாட்டையே விட்டிருப்பார்கள். கோபாலனோ சென்னை திரும்பித் தொடர்ந்து பந்து வீசினார். சென்னை அணிக்குக் கேப்டனாக இருந்தார். பிறகு, இந்திய அணியைத் தேர்வு செய்யும் குழுவிலும் இடம்பெற்றார்.

1953-ல் சென்னையும் இலங்கையும் மோதும் போட்டி ஒன்று தொடங்கியது. அதற்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர் வைத்தார்கள். டெஸ்ட் நாடாக ஆவதற்கு முன்பு இலங்கை வீரர்களுக்கு அது நல்ல பயிற்சிக்களமாக விளங்கியது.

2003 டிசம்பர் 21-ஆம் தேதி கோபாலன் சென்னையில் காலமானார். ஆடியது ஒரே ஒரு டெஸ்ட்தான். ஒலிம்பிக் பதக்கமும் இல்லை. ஆனாலும், விடாமல் ஆடிய அவருடைய பெயரில் ஒரு கோப்பை உருவானது. பதக்கத்துக்குக் குறைந்த பெருமையா அது?