தில்லையாடி வள்ளியம்மை

நம் காலடிப்பேட்டைக்குத் தெற்கே, சென்னைக் கரையிலிருந்து 1860இல் தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்பந்தக் கூலிகளின் முதல் கப்பல் சென்றது. பின்னர் அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றில் 1898இல் வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார்.

அங்கே ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மீது ஆண்டுக்கு 3 பவுன் வரி விதிக்கப்பட்டது. கிறிஸ்தவ முறையில் நடந்த திருமணங்களே செல்லும் என 1913இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவற்றை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் வள்ளியம்மையும் சேர்ந்தார். 3 மாதக் கடுங்காவல் பெற்றார். கடுங்காய்ச்சலுடன் விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22இல், தம் 16ஆம் வயதில் உயிர்நீத்தார். அவ்வாண்டே வரி நீங்கியது. இந்தியர் திருமணங்களும் ஏற்கப்பட்டன.

ஒரே பெஞ்சில் பல சமயத்தாராய் அமர்ந்து பயிலும் நாம் எண்ணிப் பார்ப்போம். அத்தீர்ப்பு நம்முள் சிலரின் பெற்றோரை மட்டும் தம்பதியராக ஏற்றிருக்கும். தோழிக்கு இல்லாத உரிமையைக் கண்டு வாளாவிருப்பது பிறரன்பு ஆகாது.