கழிவுநீரைத் தெளிவித்த அறிஞர்

விசுவமடுவில் எருமை வளர்ப்போர் தயிர் முழுவதையும் வழித்து உண்டுவிடுவதில்லை. நாளைய பாலுக்கு உறைமோராகச் சிறிது எடுத்து வைப்பர். இதனை ஒத்த முறையொன்றே பெருநகரங்களின் கழிவுநீரையும் தெளிவிக்கின்றது. அம்முறை தோன்றக் காரணராய் இருந்தவர் கில்பேட் பவுலர்.

1868 ஆம் ஆண்டு பிறந்த இவ்வேதியியலறிஞர், இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகரிலே கழிவுநீர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். கழிவிலுள்ள அமோனியா ஆற்றிற் கலப்பின் மீனினம் மடியும். நீரின் ஒட்சிசனும் குன்றும். இதற்குப் பரிகாரம் தேடிய பவுலர், 1912 இல் அமெரிக்காவின் லோறன்ஸ் ஆராய்ச்சி நிலையத்திலே, கழிவுநீரினுட் காற்றைச் செலுத்தும் சோதனைகளைக் கண்டார். நாடு திரும்பியதும், ஆடேண், லொக்கற் என்னும் இளைய துணைவர் இருவரை அத்தகைய ஆய்வில் ஊக்கினார்.

அவர்கள் போத்தல்களிலே கழிவுநீரை நிரப்பிக் காற்றூட்டினர். அமோனியா முற்றாக நைத்திரேற்றாக மாற, முதன்முறை ஏறத்தாழ ஐந்து வாரம் சென்றது. தெளிந்த நீரை இறுத்தனர். அடியில் தங்கிய வண்டலையோ எறிந்திலர். அதன்மேற் புதிய கழிவுநீரை வார்த்து மீண்டும் மீண்டும் காற்றூட்டினர். ஈற்றில் ஐந்து வார வேலை 24 மணி நேரத்தில் முடிந்தது!

காரணம் யாதெனின், இம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்கள் மிக மெல்லப் பெருகுவன. வண்டலை மிகுதியாக அகற்றினால், அவை பெருகுமுன்னரே வெளியேறிவிடும். குளிர் மிகின் அவற்றின் தொழில் மந்தமாகும். ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்ற ஏறக்குறைய 4.6 கிராம் ஒட்சிசன் வேண்டும். தோன்றும் அமிலத்தைத் தணிக்க நீரிற் காரத்தன்மையும் வேண்டும். இன்றும் சுத்திகரிப்பு நிலையத்தார் கண்காணிப்பவை இவையே.

1914 ஏப்பிரல் 3 இல் அவ்வாராய்ச்சிக் கட்டுரை அரங்கேறியது. அதன் ஆசிரியராய் நின்றோர் ஆடேணும் லொக்கற்றுமே. வழிகாட்டிய பவுலரின் பெயர் அவ்வரிசையில் இல்லை.

1916 இல் பவுலர் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தின் பேராசிரியரானார். 1921 இல் அங்கு உயிர்வேதியியற்றுறை அவர் தலைமையில் தொடங்கிற்று. கழிவிலுள்ள நைதரசன் வீணாகாது மண்ணுக்கு மீளல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. நைதரசனைப் பேணுதல் பற்றி 1934 இல் நூலொன்றும் வெளியிட்டார். 1953 இல் மறைந்தார்.

உறைமோர் புதுத் தயிரிற் கலந்து தன் பெயரை இழக்கின்றது. எனினும் அஃதின்றிப் பால் உறையாது. நல்லாசிரியர் நிலையும் அதுவே அன்றோ?