சீ. இரா. அரங்கநாதன்

சீர்காழி இராமாமிர்த அரங்கநாதன் (ஆகஸ்ட் 1892 – செப்டம்பர் 27, 1972) தமிழ்நாட்டைச் சேர்ந்த கணிதப் பேராசிரியரும் நூலகவியல் அறிஞரும் ஆவார். இவர் இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். நூல்களின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, அவற்றை மீண்டும் இணைத்துக் காட்டும் கோலன் பகுப்பு முறையை உருவாக்கியவர். தகவல்களை ஒழுங்குபடுத்தும் துறையை இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடமாக நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர்.

இளமையும் கல்வியும்

அரங்கநாதன் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், புதுச்சேரியிலிருந்து காரைக்கால் செல்லும் வழியில் அமைந்துள்ள சீர்காழியில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். சீர்காழியில் பள்ளிக்கல்வியை முடித்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு 1913 இல் இளங்கலைப் பட்டமும் 1916 இல் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களின் அரசுக் கல்லூரிகளில் கணிதம் கற்பித்தார்.

நூலகப் பணி

1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அரங்கநாதன் பொறுப்பேற்றார். வகுப்பறைக்குப் பழகியிருந்த அவருக்கு நூலகத்தின் தனிமை பிடிக்கவில்லை. சில நாட்களிலேயே ஆசிரியப் பணிக்குத் திரும்ப விரும்பினார். முதலில் இலண்டன் சென்று நூலகவியல் பயின்று வருமாறும், அதன் பின்னும் மனம் மாறாவிடில் கல்லூரிக்குத் திரும்பலாம் என்றும் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது.

அவ்வாறே இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, பெர்விக் சேயர்சு என்பாரிடம் பகுப்பியல் பயின்றார். இங்கிலாந்தின் பல நூலகங்களையும் நேரில் கண்டார். உழைக்கும் மக்களும் சிறுவரும் நூலகங்களைப் பயன்படுத்தியது அவரது எண்ணத்தை மாற்றியது. 1925 இல் நாடு திரும்பிய அவர் ஆசிரியப் பணியை நாடவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்திலேயே பணியாற்றினார்.

கோலன் பகுப்பு முறை

அக்காலத்தில் பரவலாக வழங்கிய தூயி தசமப் பகுப்பு முறையில் பொருள்களுக்கான இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டிருந்தன. பட்டியலில் இல்லாத புதிய பொருளில் ஒரு நூல் வந்தால் அதற்கு உரிய இடம் காண்பது கடினமாக இருந்தது. இலண்டன் கடையொன்றில் அரங்கநாதன் கண்ட மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருள் இதற்கு வழிகாட்டியது. அதில் சில உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் கொண்டு பல வடிவங்களை அமைக்கலாம். நூலின் பொருளையும் அதுபோல் சிறு கூறுகளிலிருந்து கட்டியெழுப்பலாம் என அவர் கருதினார். கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால், அதன் ஆங்கிலப் பெயரே இம்முறைக்குப் பெயராயிற்று. இது 1933 இல் நூலாக வெளிவந்தது.

பிற்காலப் பதிப்புகளில் எல்லாக் கூறுகளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படை வகைகளுள் அடக்கினார். எடுத்துக்காட்டாக, 1960களில் காரைக்கால் பகுதியில் நடந்த நெல் அறுவடை பற்றிய நூல் வேளாண்மைப் பிரிவில் அடங்கும். அதில் நெல் ஆளுமையாகவும், அறுவடை ஆற்றலாகவும், காரைக்கால் இடமாகவும், 1960கள் காலமாகவும் கொள்ளப்படும். ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து வகைகளும் தேவைப்படுவதில்லை.

தரவுத்தளத்துடன் தொடர்பு

தரவுத்தள வடிவமைப்பில் ஒரு பதிவு பெயர், இடம், காலம் போன்ற தனித்தனிப் புலங்களாகப் பிரிக்கப்படுகிறது. வினாவிற்கு ஏற்ப அப்புலங்களை இணைத்துத் தேடலாம். 1970 இல் எட்கர் காட் வெளியிட்ட உறவுநிலைத் தரவுத்தள மாதிரி, கணிதக் கணக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. அரங்கநாதனின் முறையிலிருந்து பிறந்ததன்று. எனினும் முன்கூட்டியே வகுத்த ஒற்றைப் பட்டியலுக்கு மாறாக, தகவலைத் தனித்தனிக் கூறுகளாக வைத்து இணைத்தல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவானது.

அடுக்கில் ஒரு நூலை ஓர் இடத்தில்தான் வைக்க இயலும். ஆதலால் அரங்கநாதன் கூறுகளை ஒரே வரிசையில் எழுத வேண்டியிருந்தது. வேறு கூறின் வழியே தேடி வருவோருக்காகச் சங்கிலிச் சுட்டு என்னும் முறையை வகுத்தார். கணினியில் இவ்வரிசைக் கட்டுப்பாடு இல்லை. விலை, நிறம், அளவு என எந்தக் கூறிலிருந்தும் தேடலைத் தொடங்க உதவும் இணைய அங்காடிகளின் வடிகட்டிகள், கூறுவழிப் பகுப்பு முறையில் அமைந்தவையே.

கோலன் பகுப்பு முறை உலகெங்கும் நூலக அடுக்குகளில் பரவவில்லை. அதன் குறியீடுகள் நீண்டவையாகவும் சிக்கலானவையாகவும் இருந்தன. பதிப்புதோறும் செய்யப்பட்ட மாற்றங்கள் நூலகர்களுக்குச் சுமையாயின. இந்தியாவிலும் பல நூலகங்கள் தூயி முறையையே பின்பற்றுகின்றன. ஆனால் 1952 இல் இலண்டனில் தொடங்கப்பெற்ற பகுப்பியல் ஆய்வுக் குழுவினர் கூறுவழிப் பகுப்புக் கொள்கையை ஏற்று வளர்த்தனர்.

ஐந்து விதிகள்

1931 இல் வெளியான நூலில் நூலகவியலுக்கான ஐந்து விதிகளை அரங்கநாதன் விளக்கினார். நூல்கள் பூட்டி வைப்பதற்கன்றிப் பயன்பாட்டிற்கே என்பது அவற்றின் அடிப்படை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூலும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரும் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி என்பது ஐந்தாம் விதி.

கல்விப் பணி

1928 இல் சென்னை நூலகச் சங்கம் அமையக் காரணமாக இருந்தார். அச்சங்கத்தின் வழியாக 1929 இல் தொடங்கிய நூலகப் பயிற்சி வகுப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1931 இல் ஏற்றுக்கொண்டது. பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1962 இல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணமாக்க ஆய்வு, பயிற்சி மையத்தை நிறுவினார்.

இவரது முயற்சியின் பயனாக 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. இன்று புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் நூலக, தகவல் அறிவியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

சிறப்புகளும் இறுதிக்காலமும்

1957 இல் பத்மசிறீ விருது பெற்றார். 1965 இல் தேசிய ஆய்வுப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். தம் வாழ்நாள் சேமிப்பான ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, மனைவி சாரதாவின் பெயரையும் இணைத்து நூலகவியல் பேராசிரியர் இருக்கை ஏற்படுத்தினார். 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் காலமானார். இவரது நினைவாக ஆகஸ்ட் 12 இந்தியாவில் தேசிய நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.