சிலிக்கோனுக்குப் பெயரிட்டவர்

உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் என்னைப் பெரிதும் கவர்ந்த அறிஞர் பிரெட்ரிக் ஸ்டான்லி கிப்பிங். 1863இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரில் பிறந்த இவர், 1897 முதல் 1936 வரை நொட்டிங்ஹாமில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

சிலிக்கன் சேர்வைகளைப் பளிங்குகளாகப் பெறவே அவர் பாடுபட்டார். பல வேளைகளில் கிடைத்ததோ ஒட்டும் பிசின். கீற்றோன்களை ஒத்தவை எனக் கருதிச் சிலிக்கோன் எனப் பெயரிட்டார். உண்மையில் அவை சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறிக் கோர்த்த பல்பகுதியங்கள்.

நாற்பது ஆண்டளவு உழைத்தும், தம் ஆய்வால் பெரும் பயன் விளையுமென 1937இல்கூட அவர் நம்பவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில், விமானங்களின் மின்னிணைப்புகளை ஈரத்திலிருந்து காத்தது சிலிக்கோன் கிறீஸ்தான். 1949இல் அவர் மறைந்தார். இன்று நம் வீட்டுக் கேக் அச்சிலும் சிலிக்கோன் உண்டு.

இந்தப் படிப்பு எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு நான் அவரது வாழ்வையே சொல்வேன்.