மன்னருடன் உலா வந்த தோட்டக்காரர்

பாரீஸ் நகருக்கு விடுமுறையில் செல்பவர்கள் தவறாமல் போய்ப் பார்க்கும் இடம், வெர்சேல்ஸ். அங்கே பெரிய அரண்மனை இருக்கிறது. அரண்மனையைவிடப் பெரிது, அதன் தோட்டம்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பூம்பாத்திகள், நீரூற்றுகள், சிலைகள். நடுவே ஒன்றரை கிலோ மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு கால்வாய்.

இவ்வளவு அழகையும் உண்டாக்கியவர், ஒரு தோட்டக்காரரின் மகன். அவர் பெயர் ஆந்திரே லெ நோத்ர்.

ஓவியம் கற்றார்

1613-ம் ஆண்டு பாரீசில் அவர் பிறந்தார். தாத்தாவும் தந்தையும் துயிலெரி அரண்மனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். ஆந்திரே இளமையில் ஓவியம் கற்றார். பிறகு தந்தையின் தொழிலுக்கே வந்தார். துணியில் படம் எழுதிய கை, மண்ணில் படம் எழுதத் தொடங்கியது.

விருந்தால் வந்த வினை

பிரெஞ்சு நாட்டின் நிதி மந்திரி பூக்கே, வோ என்ற ஊரில் மாளிகை கட்டினார். அதன் தோட்டத்தை லெ நோத்ர் அமைத்தார்.

1661-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி, மன்னர் 14-ம் லூயிக்கு அங்கே விருந்து நடந்தது. நாடகம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு.

மன்னர் மகிழவில்லை. தமக்கே இல்லாத ஆடம்பரம் மந்திரிக்கு எப்படி வந்தது? அரசாங்கப் பணத்தில் கை வைத்திருப்பார் என்ற சந்தேகம் மன்னருக்கு ஏற்கனவே உண்டு. மூன்று வாரத்துக்குள் பூக்கே கைது செய்யப்பட்டார். சாகும்வரை சிறையிலேயே இருந்தார்.

தோட்டம் போட்டவர் கதி என்ன? மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. வெர்சேல்சில் தமக்கு அதைவிடப் பெரிய தோட்டம் போடச் சொன்னார்!

தண்ணீருக்குத் தட்டுப்பாடு

அப்போது வெர்சேல்சில் இருந்தது ஒரு வேட்டை மாளிகைதான். சுற்றிலும் சதுப்பு நிலம். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பினார்கள். காடுகளில் வளர்ந்த மரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள்.

தண்ணீர்தான் போதவில்லை. மன்னர் உலாவ வந்தால், அவர் வரும் பக்கத்து ஊற்றைத் திறப்பார்கள். அவர் கடந்து போனதும் மூடிவிடுவார்கள்!

செய்ன் ஆற்று நீரை 14 ராட்சதச் சக்கரங்கள் வைத்து மேலே ஏற்றினார்கள். அதுவும் போதவில்லை. 1685-ம் ஆண்டு, வேறோர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்ட ஆயிரக்கணக்கான சிப்பாய்களை அனுப்பினார் மன்னர். காய்ச்சல் கண்டு பலர் மாண்டார்கள். பிறகு போர் மூண்டது. வேலை நின்றது. வாய்க்கால் முடியவே இல்லை. மன்னரின் ஆசைக்கு ஏழைச் சிப்பாய்கள் கொடுத்த விலை அது.

நத்தையும் கோசும்

1675-ம் ஆண்டு லெ நோத்ருக்கு மன்னர் பிரபு பட்டம் அளித்தார். பிரபுக்களுக்குக் குடும்பச் சின்னம் உண்டு. சிங்கமும் கழுகும் மற்றவர்களுக்கு. தமக்கு நத்தையும் முட்டைக்கோசும் போதும் என்று அவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

1700-ம் ஆண்டு. லெ நோத்ருக்கு வயது 87. மன்னர் அவரைத் தோட்டத்துக்கு அழைத்தார். ஆட்கள் தள்ளும் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார். மன்னரின் நாற்காலியும் அவர் நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில் சென்றன. இந்தக் காட்சியைக் காணத் தம் ஏழைத் தந்தை உயிரோடு இல்லையே என்று கிழவர் ஏங்கினாராம். சில வாரங்களில் அவர் காலமானார்.

1999-ம் ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் அங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மீண்டும் கன்றுகளை நட்டார்கள். மரங்கள் புதியவை, தோட்டத்தின் அமைப்பு மட்டும் இன்றும் அந்தத் தோட்டக்காரர் மகன் வகுத்ததுதான்.